இந்தக் கானில் தண்ணீர் வைக்கலாமா?

ஊரை விட்டு வெளிக்கிடும்போது பித்தளைக் குடத்தையும் மண்பானையையும் எவரும் சுமந்து வருவதில்லை. வந்து சேர்ந்த இடத்தில் முதலில் கைக்குக் கிடைப்பது ஒரு பிளாஸ்ரிக் வாளியும் ஒரு கானுமே. பௌசர் வந்தால் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். அடுத்த மாதம் அதே கானில் தேங்காய் எண்ணெய் வைக்கிறோம். வாளியில் புளியும் ஊறுகாயும் விதைநெல்லும் இடம்பிடிக்கின்றன. அக்கான் முன்னர் எதற்குப் பாவிக்கப்பட்டது என்று நாம் கேட்பது குறைவு. கேட்க வேண்டியது ஏன் என்பதை இங்கு பார்ப்போம்.

பிளாஸ்ரிக்கில் இருந்து வெளியேறுவது எது?

பிளாஸ்ரிக் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. இச்சங்கிலிகள் உணவுக்குள் இலகுவில் இறங்குவதில்லை. ஆனால் சங்கிலியாகச் சேராது மீந்த சிறு மூலக்கூறுகளும், மென்மைக்காகவும் நிறத்துக்காகவும் வெயிலைத் தாங்குவதற்காகவும் சேர்க்கப்படும் இரசாயனங்களும் மெல்ல மெல்லக் கசியக்கூடியவை. இக்கசிவைக் கூட்டுபவை நான்கு: சூடு, எண்ணெய், புளிப்பு, நாட்பட வைத்திருத்தல். குளிர்ந்த தண்ணீரை ஒருநாள் வைப்பதும் கொதித்த எண்ணெயை ஊற்றுவதும் ஒன்றல்ல.

ஆய்வுகூடத்தில் நடப்பது

ஒவ்வொரு உணவையும் வைத்துப் பரிசோதிப்பது இயலாது. ஆகவே உணவைப் போல நடந்துகொள்ளும் திரவங்களைப் பாவிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க ஒழுங்குவிதியில் புளிப்பான உணவுக்குப் பதிலாக 3 வீத அசற்றிக் அமிலமும், எண்ணெய்ப் பண்டங்களுக்குப் பதிலாகத் தாவர எண்ணெயும் குறிக்கப்பட்டுள்ளன. சாதாரண வெப்பநிலையில் நெடுநாள் வைக்கும் உணவுக்கான பாத்திரம் எனில், 40 பாகை செல்சியஸில் 10 நாட்கள் அத்திரவத்துடன் வைக்கப்படும். கொதிசூட்டில் பாவிப்பது எனில் 100 பாகையில் ஒரு மணித்தியாலம்.

பின்னர் திரவத்தில் இறங்கிய பொருளின் நிறையைக் காண்பார்கள். 10 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட பரப்பில் இருந்து மொத்தம் 10 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக்கூடாது. தீங்கு கூடிய இரசாயனங்களுக்குத் தனித்தனியாக இதிலும் மிகக் குறைந்த எல்லைகள் உண்டு. திரும்பத் திரும்பப் பாவிக்கும் பாத்திரமாயின் ஒரே பாத்திரத்தை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிய திரவத்துடன் சோதிப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனையில் தேறுவது குறித்த பாவனைக்கு மட்டுமே. தண்ணீருக்கெனத் தேறிய போத்தல் கொதித்த தேநீருக்குத் தேறியதாகாது. உணவுக்கென்றே செய்யப்படாத பெயின்ற் வாளி இச்சோதனைகளுக்கு உட்படுவதே இல்லை.

எமது நாட்டுச் சட்டம்

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள் கலந்த உணவை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் தடை செய்கிறது. அச்சட்டத்தின் கீழ் உணவுப் பொதியிடல் பொருட்களுக்கான ஒழுங்குவிதிகள் 2010 இல் வந்தன. கடையில் வாங்கும் உணவில் பிளாஸ்ரிக் மணம் அடித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். மாதிரியை எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. எமது வீட்டுக்குள் நாமே மாற்றிப் பாவிக்கும் கானுக்கோ நாமேதான் பரிசோதகர்.

அடியில் உள்ள இலக்கம்

பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துள் 1 முதல் 7 வரை ஓர் இலக்கம் இருக்கும். அது பிளாஸ்ரிக்கின் வகையைச் சொல்கிறதேயன்றிப் பாதுகாப்புச் சான்று அல்ல. 1 தண்ணீர், சோடாப் போத்தல் வகை. சுமார் 70 பாகைக்கு மேல் இது இளகத் தொடங்கும். 2 தடித்த கான்கள், 5 சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் உணவுப் பெட்டிகள். ஆனால் நல்ல தண்ணீர்க் கானிலும் இலக்கம் 2 இருக்கும், பூச்சிமருந்துக் கானிலும் இலக்கம் 2 இருக்கும். உணவுக்கெனச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுவது கிண்ணமும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த அடையாளமே.

மருந்துக் கான் வேண்டவே வேண்டாம்

தோட்டம் செய்யும் எமக்கு மிகப் பெரிய ஆபத்து இதுவே. பூச்சிமருந்து கானின் சுவருக்குள் ஊறிவிடுகிறது. சவர்க்காரமும் சாம்பலும் போட்டு எத்தனை முறை கழுவினாலும் ஊறியது முழுவதும் போகாது. பிறகு ஊற்றும் தண்ணீரிலும் எண்ணெயிலும் அது மெல்ல இறங்கும். மூன்று முறை அலசும்படி சொல்வது கானைப் பாதுகாப்பாகக் கழிப்பதற்கே, மீண்டும் பாவிப்பதற்கு அல்ல. அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, வேறு எவரும் எடுத்துப் பாவிக்காதபடி கானைத் துளையிட்டுவிட வேண்டும். கிணற்றடியில் அலசக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

1. முன்னர் என்ன இருந்தது என்று தெரியாத கானை உணவுக்கும் தண்ணீருக்கும் எடுக்காதீர்கள். அது தோட்டத்துக்கு எரு நீர் அள்ள உதவும்.

2. புதிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி மூடி ஒருநாள் நிழலில் வையுங்கள். மணமோ சுவையோ மாறினால் ஒதுக்குங்கள். எண்ணெய் தோய்ந்த வெள்ளைத் துணியால் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அதையும் ஒதுக்குங்கள். மணம் இல்லாமை மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

3. ஊறுகாய், புளி, எண்ணெய் ஆகியவற்றைக் கண்ணாடிப் போத்தலில் அல்லது சாடியில் வையுங்கள். ஒரு வீட்டில் இரண்டு போத்தல் இருந்தாலே போதும்.

4. சூடான சோற்றையும் கறியையும் பொலித்தீனில் கட்டாதீர்கள். லஞ்ச் சீற் 2017 செப்டெம்பர் முதல் தடை செய்யப்பட்டது குப்பைப் பெருக்கத்தைக் கருதியே. எனினும் வாழையிலைக்குத் திரும்ப அதுவும் ஒரு நல்ல காரணம்.

5. கீறல் விழுந்த, வெயிலில் காய்ந்து வெடித்த வாளிகளை உணவுக்குப் பாவிக்காதீர்கள்.

6. தண்ணீர்க் கானுக்கு ஓர் அடையாளம் இடுங்கள். மூடியில் ஒரு வெள்ளைத் துணி கட்டினால் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

கான் ஒன்று வாங்கக் கையில் காசில்லாத வீடுகள் உண்டு என்பதை நாம் அறிவோம். அதனாலேயே இதனைத் தனித்தனி வீட்டின் பிரச்சினையாக விடக்கூடாது. மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ நிவாரணம் கேட்கும்போது, அரிசி, மாவுடன் மூடியுள்ள உணவுத்தரக் கான் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக் கேட்கட்டும். தண்ணீர் தருபவர்களிடம் அதை வைக்கப் பாத்திரமும் கேட்பது பிச்சையல்ல, எமது உரிமை.