பேசாமல் இருப்பதும் செபம்தான்



கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்த வீடு நம் லயங்களில் எத்தனையோ உண்டு. கத்தோலிக்கர் மாத்திரமல்ல, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் போகிறார்கள். வெள்ளவத்தைக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளும், லீவு கிடைத்தால் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்துவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

அங்கே போய் என்ன செய்கிறோம்? மெழுகுதிரி கொளுத்துகிறோம். சுரூபத்தைத் தொட்டுக் கும்பிடுகிறோம். மகனுக்கு வேலை, மகளுக்குக் கலியாணம், வீட்டுக்காரரின் குடி என்று மூச்சு விடாமல் கேட்கிறோம். கேட்டு முடிந்ததும் ரயிலுக்கு நேரமாச்சு என்று ஓடி வந்துவிடுகிறோம். கேட்பது பிழையென்று நாங்கள் சொல்ல வரவில்லை. கஷ்டப்படுகிறவர் கேட்கத்தான் செய்வார். கேட்டு முடித்த பிறகு ஒரு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பதும் செபம் என்பதைத்தான் இம்முறை சொல்ல நினைத்தோம்.

அந்தோனியாரின் கதையே இதற்குப் பொருத்தம். அவர் 1195இல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் பிறந்தவர். வேதம் போதிக்க மொரோக்கோவுக்குப் போய், அங்கே நோயில் விழுந்து, கடைசியில் இத்தாலி வந்து சேர்ந்தார். 1221இல் அவரை மொந்தே பவுலோ என்ற மலையிலுள்ள சின்ன மடத்துக்கு அனுப்பினார்கள். ஆள் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பாத்திரம் கழுவினார், கூட்டிப் பெருக்கினார், மற்ற நேரம் ஒரு குகையில் போய்ப் பேசாமல் இருந்தார். அடுத்த வருஷம் ஃபொர்லி என்ற ஊரில் ஒரு வைபவத்தில் பிரசங்கத்துக்கு ஆள் இல்லாமல் போகவே இவரைப் பேசச் சொன்னார்கள். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். 1231 ஜூன் 13இல் அவர் இறந்தார். 1263இல் கல்லறையைத் திறந்தபோது அவருடைய நாக்கு அழியாமல் இருந்ததாம். அதன் சிறு துண்டு ஒன்று கொச்சிக்கடைக் கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கும்பிடப் போகிறவர்கள், அந்த நாக்கு முதலில் ஒரு மலையில் சும்மா இருந்த நாக்கு என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

அதே கோயிலில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களிலுமாக 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூன் 12ஆம் திகதி, திருநாளுக்கு முதல் நாள், கோயில் மறுபடி திறக்கப்பட்டது. பின்வந்த வருஷங்களில் அந்த நாளில் காலை 8.45க்கு மௌனமாக நின்று இறந்தவர்களை நினைத்தார்கள். அவ்வளவு பெரிய துக்கத்துக்கு முன்னால் என்ன வார்த்தை சொல்வது? நம் தோட்டத்துச் சாவு வீட்டிலும் இதுதானே வழக்கம். போகிறோம், பக்கத்தில் உட்காருகிறோம், ஒன்றும் பேசுவதில்லை. அந்த வீட்டுக்காரருக்கு அதுவே போதும். ஆண்டவரிடத்திலும் அப்படி உட்காரலாம்.

"ஐயா, ஒரு காம்பராவுல ஏழு பேரு, பக்கத்து வீட்டு டிவி வேற. அமைதிக்கு நாங்க எங்க போறது?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. ஆளில்லாத இடம் கிடைக்காது, நேரம்தான் கிடைக்கும். இயேசு விடியுமுன் இருட்டோடு எழுந்து தனியிடம் போய்ச் செபித்தார் என்று மாற்கு எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. அந்த நேரத்தில் எழுந்து அடுப்புப் பற்ற வைக்கிறவர்கள் நம் பெண்கள். ரொட்டி சுட்டு முடித்துப் பெரட்டுக்குப் போகுமுன் இஸ்தோப்பில் பத்து நிமிஷம் உட்காரலாம். அந்தப் பத்து நிமிஷம் அடுப்பை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். மூச்சு தன்பாட்டில் போய் வரட்டும். "இயேசுவே" என்பது போல ஒரே ஒரு சொல்லை மனதுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். கடைக் கடனும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் நினைப்பில் வரும். வந்தால் சண்டை பிடிக்காமல் மறுபடி அந்தச் சொல்லுக்குத் திரும்பினால் சரி. ஜோன் மெயின் என்ற பெனடிக்டைன் துறவி இந்த முறையை உலகமெங்கும் கற்பித்தார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரோ 1950களில் கோலாலம்பூரில் சந்தித்த ஓர் இந்துத் துறவி, சுவாமி சத்தியானந்தா. தூக்கம் வந்தாலும் பயப்பட வேண்டாம். நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய உடம்பு அப்படித்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செபத்தில் பேசாமல் இருப்பது வேறு, அநியாயத்தில் பேசாமல் இருப்பது வேறு. சம்பளம் குறைந்தால் கேட்கத்தான் வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "பொறுத்துக்கிட்டுச் செபம் பண்ணு" என்று யாராவது சொன்னால் அது கெட்ட புத்தி. அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் எங்களிடம் வரலாம். நாட்கணக்கில் தூக்கமில்லாமல் மனசு உடைந்திருப்பவர்கள் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

கொச்சிக்கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் 13 திருநாளிலும் செவ்வாய்க்கிழமைகளிலும் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். முடிந்தால் வேறொரு நாளில், காலையிலேயே போய்ச் சேருங்கள். மெழுகுதிரி கொளுத்தியதும் பின் வரிசை வாங்கில் ஓரமாக இடம் பாருங்கள். ரயிலுக்கு நேரம் இருக்கும்.