கம்புப் பயிரின் இராக்காலப் பகைவன்

ஐதராபாத்: ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நம்மவர்க்குக் கம்பு புதிதல்ல. அந்தக் கம்பை அழிக்கும் கொடிய நோய் பற்றிய ஆராய்ச்சி, நாம் வாழும் இந்நகருக்கு அருகிலேயே நடந்து வருகிறது. மும்பை நெடுஞ்சாலையில், பட்டன்செருவில் 1972-ல் தொடங்கப்பட்ட 'இக்ரிசாட்' நிறுவனமே அந்த இடம்.

நோயின் பெயர் அடிச்சாம்பல். கதிர் மணி பிடிக்காமல் இலைக்கொத்தாக மாறிவிடுவதால், பச்சைக்கதிர் நோய் என்றும் கூறுவர். முன்பு இதைப் பூஞ்சாணம் என்றே வகைப்படுத்தினர். பூஞ்சாணத்தை ஒத்த வேறு இனம் என்பது இன்றைய முடிவு.

வெயில் காயும் பகலில் இது அடங்கிக் கிடக்கும். இரவில் காற்றின் ஈரப்பதம் நிறைவை நெருங்கி, வெப்பம் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றால், இலையின் அடிப்புறத்தில் சாம்பல் தூவியதுபோல் வித்துகள் தோன்றுகின்றன. விடியுமுன் அவை பறந்து, அடுத்த செடியின் ஈர இலையில் இறங்குகின்றன. வெயில் ஏறினால் பிழைப்பதில்லை. ஆகவே நோயைக் காண விரும்பும் விவசாயி அதிகாலையில் வயலுக்குச் செல்ல வேண்டும். தடித்த தோலுடைய வேறொரு வகை வித்தோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

1965-ல் வெளியான எச்.பி.1 முதலிய வீரிய ஒட்டுக் கம்புகள் விளைச்சலைப் பெருக்கின. ஆனால் அவற்றுக்கெல்லாம் தாய் ஒன்றே: அமெரிக்காவிலிருந்து வந்த 'டிஃப்ட் 23ஏ'. தாய்க்கு நோயைத் தாங்கும் சக்தியில்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. 1971-ல் நோய் பெருவாரியாகப் பரவியது. நம்பி விதைத்தவர்கள் வைக்கோலைத்தான் வீட்டுக்குக் கொண்டுசென்றனர்.

பட்டன்செருவில் விஞ்ஞானிகள் பகைவனின் வழியையே கையாண்டனர். நோயுற்ற செடிகளை வரிசையாக வளர்த்து, நீரைத் தூவி இரவு ஈரத்தை உண்டாக்கி, இடையில் நட்ட இரகங்களில் எது தாங்குகிறது என்று சோதித்தனர். அரியானா வேளாண் பல்கலைக்கழகத்துடன் நடந்த கூட்டு முயற்சியின் பயனாக, மரபணு அடையாளங்களின் துணையோடு திருத்தப்பட்ட 'எச்.எச்.பி.67' கம்பு 2005-ல் வெளிவந்தது.

ஆயினும் நுண்ணுயிரும் மாறிக்கொண்டேயிருக்கிறது. ஊரில் நிலம் வைத்திருக்கும் அன்பர்கள் ஒரே இரகத்தை ஆண்டுதோறும் விதைக்காமலும், நோய்கண்ட செடியைப் பிடுங்கி எரித்தும் பயிரைக் காத்துக்கொள்வது நலம்.