பெருக்கினால் குறையுமா?



'பெருக்கு' என்றால் பெரிதாக வேண்டாமா? 1/2-ஐ 1/4-ஆல் பெருக்கினால் 1/8 என்று சிறுத்துப் போகிறதே, ஏன்? பாலிடெக்னிக் வந்த பிறகும் நம்மில் பலருக்கு இது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. வெளியே கேட்க வெட்கம்! "நமக்குக் கணக்கு வராதுடா" என்று சொல்லி அரியர் வைத்துக் கொள்கிறோம்.

விடை நம் தமிழிலேயே இருக்கிறது. 1/8-க்கு நம் முன்னோர் வைத்த பெயர் அரைக்கால். அதாவது, காலில் அரை! பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பெருக்கலும் முடிந்துவிட்டது. ஆகவே பெருக்கல் குறியைக் கண்டால் 'இல்' என்று படியுங்கள். பங்கில் பங்கு எடுத்தால் குறையாமல் என்ன செய்யும்?

சரி, தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் ஏன் பெருக்குகிறோம்? 3/4 × 2/3 என்று வைத்துக் கொள்வோம். ஒரு சதுரத் தகட்டில் நெடுக்கே கோடு போட்டு 4 பட்டையாக்குங்கள். குறுக்கே 3 பட்டை. மொத்தம் 4 × 3 = 12 கட்டம். நெடுக்கில் 3 பட்டை, குறுக்கில் 2 பட்டை சேருமிடத்தில் 3 × 2 = 6 கட்டம். 6/12, அதாவது 1/2. அவ்வளவுதான் சூத்திரம்!

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், பின்னம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. ஆனால் "முக்கால் இஞ்சுல பாதி எவ்வளவுப்பா?" என்றால், "மூணு நூலு" என்று பட்டென்று வரும். இஞ்சுக்கு எட்டு நூல். ஆக மூணு நூல் என்பது 3/8. தாளில் போட்டாலும் 3/4 × 1/2 = 3/8தானே!

கலப்புப் பின்னம் வந்தால் முதலில் தகாபின்னமாக மாற்றுங்கள். இரண்டரையை ஒன்றரையால் பெருக்க 5/2 × 3/2 = 15/4, அதாவது மூன்றே முக்கால். பெருக்கும் எண் ஒன்றுக்கு மேல் போனால் விடை வளரும். ஒன்றுக்குக் கீழே என்றால் குறையும்.

பெருக்குவதற்கு முன்பே அடித்துச் சுருக்குங்கள். மோட்டார் 1440 சுற்று ஓடுகிறது. 20 பல் சக்கரம் 40 பல்லைச் சுற்ற, அதே தண்டிலுள்ள 30 பல் 90 பல்லைச் சுற்றினால்? 20/40 × 30/90 = 1/2 × 1/3 = 1/6. கடைசிச் சக்கரம் 240 சுற்று. கால்குலேட்டரே வேண்டாம்!

தோழா, கணக்கு படித்த வீட்டுப் பிள்ளைகளின் சொத்து அல்ல. அரைக்காலும் நூலும் புழங்கிய வீடுகளில் பிறந்தவர்கள் நாம். அடுத்த தேர்வில் அந்த அரியரை முடித்துக் காட்டுவோம்!