முழங்கால் செய்கிற வேலை

மாரிகாலத்தில் திருகோணமலை உள்துறைமுகத்தைத் தாண்டிக் கொட்டியாரக்குடாவுக்குள் போகிற வள்ளத்தைக் கவனித்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? பின்னால் நின்றபடி எஞ்சினைப் பிடித்திருக்கும் அண்ணரின் கால்களைப் பாருங்கள். அலை தூக்கும்போது முழங்கால் மடியும். அலை இறங்கும்போது நீளும். வள்ளம் எப்படிக் குதித்தாலும் அவருடைய தலை அதிகம் ஏறி இறங்காது.

இதே வித்தையைப் பனிமலையில் செய்கிறவர்கள்தான் மோகல் சறுக்கு வீரர்கள். ஏறத்தாழ 250 மீற்றர் நீளமான செங்குத்துச் சரிவு. அதில் சுமார் மூன்றரை மீற்றருக்கு ஒன்றாகப் பனிமேடுகள். வீரர் 25 செக்கனளவில் கீழே வந்துவிடுவார். கணக்குப் பாருங்கள்: செக்கனுக்கு 10 மீற்றர், அப்படியென்றால் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட மூன்று மேடுகள்! கண்ணால் கண்ட ஒன்றுக்கு உடம்பு அசையவே செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். காலடியில் உள்ள மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்தது வந்து இடித்துவிடும். அதனால் அவருடைய கண் எப்போதும் சில மேடுகள் முன்னால் ஓடுகிறது. காலடி மேட்டைக் கால்களே பார்த்துக்கொள்கின்றன. மேட்டில் முழங்கால் நெஞ்சை நோக்கி மடிகிறது. பள்ளத்தில் கால் நீண்டு, சறுக்குப் பலகையைப் பனியோடு அழுத்தி வைக்கிறது. நடுவில் இரண்டு இடத்தில் பாய்ந்து வித்தையும் காட்டவேண்டும். புள்ளிகள் நூறு: திரும்பும் அழகுக்கு 60, பாய்ச்சலுக்கு 20, வேகத்துக்கு 20.

அல்பைன் என்ற இன்னொரு வகைச் சறுக்குப் பந்தயத்தில் அழகுக்குப் புள்ளி கிடையாது. கம்பங்களைச் சுற்றி வளைந்து, யார் குறைந்த நேரத்தில் இறங்குகிறாரோ அவருக்கே வெற்றி. செக்கனில் நூறில் ஒரு பங்குகூட முடிவை மாற்றும். காஷ்மீரின் குல்மார்க்கில் சறுக்கப் பழகிய ஆரிப் கான் இந்த வகை வீரர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன வீரர் அவர் ஒருவர்தான். ஜயன்ட் சலாலம் போட்டியில் 45ஆவதாக வந்தார்.

அல்பைன் வீரர்களுக்குச் சவால் வேறு. மணிக்கு 72 கிலோமீற்றரில், 20 மீற்றர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். உடலை வளைவுக்குள் இழுத்துப் பிடிக்க, உடல் எடையைப்போல் இரு மடங்கு பக்கவிசை தேவை. எடையையும் சேர்த்தால், 40 கிலோப் பிள்ளையின் கால்கள் சுமார் 90 கிலோவைத் தாங்கவேண்டும். அதனால்தான் வீரர் உள்பக்கமாகச் சாய்ந்து, பலகையின் இரும்பு விளிம்பைப் பனியில் பதிக்கிறார். நடுவில் ஒடுங்கிய அந்தப் பலகை வில்லாக வளைந்து, தன் பாதையைத் தானே வெட்டிக்கொண்டு போகும். டவுன்ஹில் என்ற வகையில் வேகம் இன்னும் பயங்கரம்: 2013இல் சுவிற்சர்லாந்தின் வெங்கனில் பிரான்ஸ் வீரர் ஜொஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீற்றரைத் தொட்டார்.

யார் கெட்டிக்காரர்? பந்தய வீரருக்குப் பாரம் தாங்கும் கால் வேண்டும். மோகல் வீரருக்குப் பாரத்தை உடனுக்குடன் விட்டுக்கொடுக்கும் கால் வேண்டும். எனக்கு வியப்பு இரண்டாவதில்தான் அதிகம்.

கால் பாரத்தை விட்டுக்கொடுப்பதை நீங்களே பார்க்கலாம். ஊசி ஓடுகிற எடை மெசின் வீட்டில் இருந்தால் அதன்மேல் ஏறி நில்லுங்கள். சட்டென்று முழங்காலை மடக்குங்கள். ஊசி முதலில் இறங்கும். நீங்கள் குந்தி நிற்கிற கணத்தில் உங்கள் எடையையும் தாண்டி ஏறும். உடம்பு கீழே இறங்கத் தொடங்குகிற நொடியில் கால்கள் மெசினைக் குறைவாக அழுத்துவதுதான் காரணம். மேடு மேல்நோக்கித் தள்ளும்போது மோகல் வீரர் காலை மடக்குவதும் அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான். அடுத்து, மிக மெதுவாக மடக்கிப் பாருங்கள். ஊசி அநேகமாக அசையாது.