பழைய கடல்மீன் தொட்டி வாங்குகிறீர்களா?

சிவகாசி வட்டாரத்தில் செம்பு என்றால் நீலம். வாணத்தில் பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு உப்பு. பட்டாசு ஆலைக்கு ஆள் போகிற வீடுகளில் இது தெரிந்த சங்கதி. அதே செம்பைக் கடல்மீன் தொட்டியில் மருந்தாகவும் ஊற்றுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பழைய தொட்டியை விற்பவர்களும் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

கடல் மீன்களுக்கு உடம்பெங்கும் உப்புத் தூவியதுபோல வெள்ளைப்புள்ளி நோய் வரும். காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. மயில்துத்தமோ, கடையில் புட்டியில் விற்கும் செம்பு மருந்தோதான் அதற்கு வழக்கமான வைத்தியம். சாதாரண செம்பு மருந்தென்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம் வரை செம்பு இருக்கும்படி வைப்பார்கள். ஒட்டுண்ணி சாகும், பெரும்பாலான மீன்கள் தாங்கிக்கொள்ளும். இறால், நண்டு, நத்தை, கடல் சாமந்தி, பவளம் ஆகியவை தாங்காது. நம் குடிநீர்த் தரநிர்ணயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்கிறது. மனிதன் குடித்தாலும் ஒன்றும் ஆகாத தண்ணீரில் இறால் மிதந்துவிடும். இத்தனைக்கும் இறால், நண்டு இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு சேர்ந்த ஒரு புரதம்தான்!

கண்ணாடி செம்பை உறிஞ்சாது. அடியில் கிடக்கும் பவள மணல், சுண்ணாம்புச் சத்துள்ள கல், வடிகட்டிப் பஞ்சு, பழைய கரி, ரப்பர் குழாய் இவைதான் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். அதனால்தான் புதுத் தண்ணீர் ஊற்றி, அளந்து பார்த்து, எல்லாம் சரி என்று இறாலை விட்ட பிறகும் சாவு தொடர்கிறது. மீன் மட்டும் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். நன்றாகக் கழுவினால் போதும். நன்னீர் இறாலும் நத்தையும் விட நினைப்பவர்களுக்கு மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும். நம்மூர்க் குழாய்த் தண்ணீரைவிட, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் செம்பு இன்னும் கடுமையாகத் தாக்கும்.

மணலையும் கல்லையும் கழுவித் திரும்பப் போடலாமா என்று கேட்காதீர்கள். கழித்துவிடுங்கள். பஞ்சு, கரி, குழாயும் அப்படியே. காலித் தொட்டியை வினிகர் ஊறிய துணியால் தேய்த்து, பலமுறை அலசி, ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கரைத்து நிரப்பி, புதுக் கரியோடு மோட்டாரை ஒரு வாரம் ஓட விடுங்கள். பிறகு செம்பு சோதனைப் பெட்டியால் பாருங்கள். சில மருந்துகளில் செம்பு வேறொரு பொருளோடு பிணைந்திருக்கும். அதையும் சேர்த்துக் காட்டும் பெட்டியாகக் கேட்டு வாங்க வேண்டும். நிறம் மாறினால் தண்ணீரை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பவளமே வளர்ப்பது என்று முடிவெடுத்தவர்கள், பழைய சிலிக்கான் ஒட்டை அறுத்தெடுத்துப் புதிதாக ஒட்டச் சொல்லிவிட்டால் நிம்மதி. சோதிக்க ஒரு நத்தையைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் உண்டு; எனக்கு அது பிடிக்கவில்லை, அது அளவையும் சொல்லாது. வினிகரோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஆலையிலிருந்து வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடவும் கூடாது.

வடித்த தண்ணீரைக் கண்மாயிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். அங்கேயும் நத்தை இருக்கிறது. கழித்த மணலையும் கரியையும் மற்றக் குப்பையோடு சேர்க்காமல், வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

இனி சட்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 17-ஆம் பிரிவுப்படி, பேச வேண்டிய கடமை இல்லாதவர் வாய் மூடி இருப்பது மட்டும் மோசடி ஆகாது. நீங்கள் கேட்டு அவர் தெரிந்தே பொய் சொன்னால் மோசடி. ஆகவே “இதில் செம்பு மருந்து போட்டீர்களா?” என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதிலை அழிக்காமல் வையுங்கள். கடையில் வாங்கினால் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், அவர் திறமையை நம்பி வாங்கிய பொருள் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது.

பொய் சொல்லி விற்ற கடைமீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மதுரையிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கு இந்த வழி கிடையாது. வீட்டில் வளர்த்தவர் தன் தொட்டியை ஒருமுறை விற்றால் அவர் வியாபாரி அல்ல. அந்தத் தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஒரு தொட்டிக்காக அவ்வளவு தூரம் யார் போவார்கள்? அந்த வாட்ஸ்அப் பதிலைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் நடக்கிற காரியம்.

தொட்டியோடு பவளக்கல்லும் இலவசம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்த கல் செத்துக் காய்ந்ததாக இருந்தாலும் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். விற்றவரோடு உங்கள் பெயரும் வழக்கில் வரும்.