முட்டி வலிக்கு ஓய்வு மட்டும் போதுமா?

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த ஆண்டு அது. அறிவியல் ஆசிரியையான நான்தான் காலை நேர ஓட்டப் பயிற்சியையும் கவனித்துக்கொண்டேன். ஜூலை மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கி வந்தாள். 1500 மீட்டர் ஓட்டத்தில் நாங்கள் பெரிதும் நம்பியிருந்த பிள்ளை.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர், முட்டி லேசா வலிக்குது."

விசாரித்தபோதுதான் தெரிந்தது, மூன்று வாரமாக வலி இருந்திருக்கிறது. சொன்னால் குறுவட்டப் போட்டிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று பயந்து மறைத்திருக்கிறாள்.

"ரெண்டு வாரம் ஓடாதே, சரியாயிடும்" என்றேன். அவளும் ஓடவில்லை. வலி போய்விட்டது. திரும்பி வந்து ஓடிய மூன்றாம் நாளே வலியும் திரும்பியது. அவளையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். மருத்துவர் பரிசோதித்துவிட்டு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "வலி வருவதற்கு முந்தைய வாரங்களில் எவ்வளவு ஓடினாய்?" என்பதுதான்.

கணக்கில் இருந்த பிழை

எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். ஜூன் தொடக்கத்தில் அவள் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு எட்டுச் சுற்று ஓடினாள். அதாவது வாரத்துக்கு 4.8 கிலோமீட்டர். போட்டி அறிவிப்பு வந்ததும் ஆறு நாள், நாளுக்கு இருபது சுற்று என்று மாற்றினோம். வாரத்துக்கு 24 கிலோமீட்டர். இரண்டே வாரத்தில் ஐந்து மடங்கு. அந்த அட்டவணையைப் போட்டது நான்தான்.

முழங்காலின் முன்புறம் உள்ள சில்லு, முழங்காலை மடக்கி நீட்டும்போது தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழுமாக நகர்கிறது. தொடையின் முன்தசை இழுக்கும் விசை இந்தச் சில்லின் வழியாகத்தான் கீழ்க்காலுக்குச் செல்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இங்கே அழுத்துகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். அவகாசம் தராமல் சுமையைக் கூட்டினால் சில்லைச் சுற்றியும் அதன் பின்னாலும் வலி தோன்றும். படி இறங்கும்போதும், குந்தும்போதும், வெகுநேரம் கால் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் இந்த வலி கூடும். 'ஓட்டக்காரர் முட்டி' என்று சொல்லப்படுவது இதுதான்.

ஓய்வு ஏன் போதவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஓய்வு எரிச்சலைத் தணிக்கும், தசையை வலுவாக்காது. இரண்டு வாரம் சும்மா இருந்த கால் முன்பைவிடச் சற்று வலுக் குறைந்துதான் இருக்கும். அதன்மீது பழைய இருபது சுற்றை ஏற்றினால் வலி திரும்பாமல் என்ன செய்யும்?

குறைத்து, வலுவூட்டி, கூட்டுதல்

இயன்முறை மருத்துவர் சொன்ன வழி மூன்று படிகள் கொண்டது.

முதலாவது, நிறுத்தாமல் குறைப்பது. அதற்கு அளவுகோல் வலிதான். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10. ஓடும்போது 3-க்கு மேல் போகக் கூடாது. மறுநாள் காலை வலி பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் நேற்றைய அளவு அதிகம் என்று பொருள், அடுத்த முறை குறைக்க வேண்டும்.

இரண்டாவது, வலுவூட்டல். தொடைத் தசையோடு இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளையும் சேர்த்தே வலுப்படுத்த வேண்டும். அவை வலுக் குறைந்தால் காலை ஊன்றும்போது முழங்கால் உட்புறமாகச் சாயக்கூடும். பள்ளியிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் இவை:

• நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது.
• ஒரே படியில் ஏறி மெதுவாக இறங்குவது. முழங்கால் உள்ளே சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும்.
• ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டியபடி உயர்த்தி இறக்குவது.
• மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை உயர்த்துவது.
• நின்றபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது.

ஒவ்வொன்றும் பத்து முறை வீதம் மூன்று தடவை, வாரத்துக்கு மூன்று நாள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும்.

மூன்றாவது, படிப்படியாகக் கூட்டுவது. அரை மணி நேரம் வலியின்றி வேகமாக நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கினோம். பிறகு ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்தோம். முதலில் தூரம், அடுத்து வேகம், கடைசியாக மேடு. ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டுவதில்லை. அதே வேகத்தில் அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168 முதல் 176 வரை வைத்து ஓடினாலும் முழங்காலின் சுமை குறையும்.

கனடாவின் கியூபெக்கில் இத்தகைய வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து எட்டு வாரம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு குழுவுக்குச் சுமையை எப்படிக் கூட்டுவது, குறைப்பது என்று கற்பித்தார்கள். மற்ற இரண்டு குழுக்களுக்கு அதனுடன், ஒன்றுக்குத் தசைப் பயிற்சியும் மற்றொன்றுக்கு ஓடும் முறையில் மாற்றமும் சேர்ந்தன. மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினார்கள். சுமையைப் புரியவைப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. புரியவைப்பது நம் தொழில் அல்லவா?

எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

எல்லா முட்டி வலியும் ஒன்றல்ல. வேகமாக உயரம் கூடும் வயதில், சில்லுக்குக் கீழே, தசைநாண் கீழ்க்கால் எலும்பில் இணையும் இடத்தில் புடைப்பும் வலியும் வரலாம். 1903-இல் இதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்று அழைக்கிறார்கள். இதற்கும் சுமையைக் குறைப்பதே முதல் வழி. எலும்பு வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் வலி நின்றுவிடும்.

கீழே விழுந்த பின் வீக்கம், கால் ஊன்ற முடியாமை, முட்டி மடங்காமல் சிக்கிக்கொள்ளுதல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சலோடு வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். நொண்டி நடக்கும் பிள்ளையையும் அப்படியே அனுப்புங்கள். வளரிளம் பருவத்தில் இடுப்பு மூட்டில் உள்ள கோளாறுகூட முட்டி வலியாகத் தெரிவதுண்டு.

நாம் செய்யக்கூடியது

அந்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் அவள் ஓடவில்லை. பெயரை நீக்கிய அன்று அழுதாள். எனக்கும் குற்ற உணர்வாக இருந்தது. 'பொறுத்துக்கொண்டு ஓடு' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் வலிக்கிறது என்று அவள் அச்சமின்றிச் சொல்லவும் நான் இடம் தரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தால், சுற்றுகளைக் குறைத்து அவளை ஓடவைத்திருக்க முடியும்.

இப்போது எங்கள் ஓட்டப் பயிற்சிக்கு ஒரு குறிப்பேடு உண்டு. தேதி, சுற்றுகள், ஓடும்போது வலி எத்தனை, மறுநாள் காலை எத்தனை என்று பிள்ளைகளே எழுதுகிறார்கள். வலியை எழுதியதற்காக யார் பெயரும் பட்டியலிலிருந்து நீக்கப்படாது, சுற்றுகள் மட்டுமே மாறும் என்பது எங்கள் விதி. பெயரை நீக்குவதென்றால் அது மருத்துவர் சொன்னால் மட்டுமே.

அவள் பத்தாம் வகுப்பு வந்ததும் மீண்டும் 1500 மீட்டர் ஓடினாள், நான்காவதாக வந்தாள். போட்டிக்கு முந்தைய வாரம் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டிச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நேத்து ரெண்டு டீச்சர். இன்னைக்குக் காலையில ஒண்ணுமே இல்ல. ஓடலாமா?"

"ஓடும்மா" என்றேன்.