பூனையின் பல் கரையும் நோய்

உங்கள் இல்லத்துப் பூனை, தட்டிலிட்ட மீனை ஆவலுடன் நெருங்கி, ஒரு வாய் கவ்வியதும் கீழே போட்டுவிட்டு விலகிச் செல்கிறதா? செல்லம் மிகுந்து ருசி பார்க்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் வாயினுள் ஒரு பல் மெல்லக் கரைந்து கொண்டிருக்கலாம்.

வளர்ந்த பூனைகளிடையே மிகப் பரவலாகக் காணப்படும் இந்நோய், நம் பற்களில் விழும் சொத்தையைப் போன்றதன்று. குழந்தைகளுக்குப் பால் பல் விழும் பருவத்தில் அதன் வேரைக் கரைக்கும் உயிரணுக்கள் உண்டு. அத்தகைய உயிரணுக்களே பூனையின் நிலையான பற்களையும் அரிக்கத் தொடங்கிவிடுகின்றன. காரணம் இன்றளவும் தெளிவாகவில்லை.

கீழ்த்தாடையில் கோரைப் பல்லை அடுத்து நிற்கும் பல்லே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படும். பல்லின் அடியில் ஈறு சிவந்து மேலேறியிருக்கும். அவ்விடத்தைத் தொட்டால் தாடை வெடவெடக்கும். சில பூனைகள் எச்சில் வடிக்கும். தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மெல்லும். பலவோ எதையுமே காட்டிக்கொள்ளா. வலியை மறைப்பதில் பூனைக்கு நிகர் பூனையே!

கண்ணால் பார்த்து மட்டும் இதனை முடிவு செய்ய இயலாது. கால்நடை மருத்துவர் பூனைக்கு மயக்க மருந்து கொடுத்து, நுண்ணிய கருவியால் ஒவ்வொரு பல்லையும் ஈற்றோரம் வருடிப் பார்ப்பார்; எக்ஸ்ரேயும் எடுப்பார். சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்த எக்ஸ்ரேதான். வேர் உருக்குலையாமல், எலும்பினின்று தனித்துத் தெரியுமாயின் பல்லை வேரோடு அகற்ற வேண்டும். வேரே எலும்பாக மாறிக் கலந்துவிட்டிருந்தால், அதனைத் தோண்டுவது தாடைக்கே கேடு. அப்போது மேற்பகுதியை மட்டும் வெட்டி, ஈற்றை மூடித் தைத்துவிடுவர். ஆனால் வேரடியில் சீழ் இருந்தாலோ, வாய் முழுவதும் புண்ணாகியிருந்தாலோ இம்முறை ஆகாது. படம் எடுக்காமல் பிடுங்கினால் வேர்த்துண்டு உள்ளே தங்கி வலி நீடிக்கக்கூடும். ஆகவே, பல் எக்ஸ்ரே வசதி உண்டா என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டறியுங்கள். முன்பு பல்லை அடைத்துப் பார்த்தார்கள். அடைப்பிற்கு அடியிலும் பல் கரைந்தது.

இரக்கப்பட்டு நம் வீட்டுப் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும். கிராம்புத் தைலமும் அதற்கு நஞ்சே.

பல்லை இழந்தால் எப்படி உண்ணும் என்ற கவலை வேண்டா. புண் ஆறும் வரை மீனை முள் நீக்கிப் பிசைந்து வையுங்கள். ஒரு பல்லில் வந்தது மற்றொன்றிலும் வரக்கூடுமாதலால், ஆண்டுக்கொரு முறை வாயைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.